சுடாமல் நிற்கக் கற்றுத்தந்த துப்பாக்கி

பவானிபூர்,
கொல்கத்தா.

‘மேட் டாக் மெக்ரீ’ விளையாட்டை உருவாக்கிய நடிகர்கள், இயக்கியவர்கள், பொறியாளர்கள், உடையும் அரங்கமும் அமைத்தவர்கள் அனைவருக்கும்,

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில், ‘அமெரிக்கன் லேசர் கேம்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய நீங்கள் 1990-இல், காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாக, ஒரு துப்பாக்கி விளையாட்டை வெளியிட்டீர்கள். கடல் தாண்டி, சில ஆண்டுகள் தாமதித்து, கொல்கத்தாவின் பவானிபூரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனின் கைக்கு அது வந்து சேர்ந்தது. அந்தப் பையனுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. உங்கள் நிறுவனமும் மூடி வெகுகாலமாயிற்று. மடலை அனுப்ப முகவரி கிடையாது என்பதால், ஊரறியத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் முதன்மையாக நன்றி சொல்ல வந்தேன். என் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, எதிரே ஒரு மனித முகத்தை நிறுத்தி, “பார்த்து முடிவு செய்” என்றீர்கள். சுடக் கற்றுக்கொடுக்க ஆயிரம் விளையாட்டுகள் உண்டு. சுடாமல் நிற்க எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்களுடையது.

முதலில் எங்கள் பேட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பவானிபூர் படம் பார்க்கும் பேட்டை. இயக்குநர் சத்யஜித் ராய் சிறுவயதில் இங்கே பகுல் பாகானில், தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். நடிகர் உத்தம்குமார் கிரீஷ் முகர்ஜி சாலைக்காரர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, வங்காளத்தின் மகாநாயகன் ஆனவர். இந்த இருவரும் 1966-இல் ‘நாயக்’ படத்தில் சேர்ந்தார்கள். பூர்ணா, பிஜோலி, இந்திரா என்று கொட்டகைகளின் பெயரைச் சொல்லி வழி காட்டுகிற ஊர் இது. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடில் புறப்பட்டு வந்து நின்றது எங்கள் பவானிபூர் நிலையத்தில்தான். இன்று அதற்கு நேதாஜி பவன் என்று பெயர். புதிய பொறியைக் கண்டு மிரளாமல் வரிசையில் நின்று ஏறிப் பார்க்கிறவர்கள் நாங்கள்.

குஜராத்திகளும் பஞ்சாபிகளும் வங்காளிகளும் அடுத்தடுத்த வாசலில் வாழும் இந்தப் பேட்டையில் தமிழர் வீடுகளும் உண்டு. தெற்கே கொஞ்சம் நடந்தால் லேக் மார்க்கெட். வாழையிலையும் காபிப்பொடியும் தமிழ்ப் பத்திரிகையும் அங்கே கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் முறுக்கோடு சேர்த்து லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இதழ்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். உங்கள் நாட்டுக் கௌபாயை நான் முதலில் சந்தித்தது அந்த இதழ்களில். 1948-இல் இத்தாலியர்கள் படைத்த டெக்ஸ் வில்லர், 1980-களில் சிவகாசி அச்சகத்தின் வழியாகத் தமிழ் பேச ஆரம்பித்தார். அதற்கும் முன்பே, 1972-இல் இயக்குநர் கர்ணன் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களில் குதிரையையும் துப்பாக்கியையும் எங்கள் மண்ணில் ஓடவிட்டிருந்தார். ஆகவே புழுதித் தெருவும் மதுக்கடையின் ஊஞ்சல் கதவும் ஷெரீப்பின் நட்சத்திரமும் எனக்குப் பழகிய சங்கதிகள். உங்கள் ஊருக்குள் நான் அந்நியனாக நுழையவில்லை.

துப்பாக்கியும் அப்படித்தான். துர்கா பூஜை நாள்களில் பந்தலைச் சுற்றி முளைக்கும் கடைகளில் ஒன்று கட்டாயம் பலூன் சுடும் கடையாக இருக்கும். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள், எதிரே மடக்கிக் குண்டு போடும் ஏர்கன். காசு கொடுத்தால் கடைக்காரர் குண்டு போட்டுத் தருவார். பிறகு தொலைக்காட்சியில் சொருகும் வீடியோ கேம் வந்தது. பிளாஸ்டிக் துப்பாக்கியைத் திரையை நோக்கி நீட்டி, நிண்டெண்டோவின் ‘டக் ஹண்ட்’ வாத்துகளைச் சுட்டோம். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்: வேகமாகச் சுடு, எல்லாவற்றையும் சுடு. பலூனுக்கு முகம் கிடையாது. வாத்து பாவம், பறக்க மட்டுமே தெரிந்தது. யாரைச் சுடுகிறோம் என்று கேட்டுக்கொள்ள அங்கே இடமே இல்லை.

உங்கள் விளையாட்டு எங்கள் வீட்டருகே வந்தது 1990-களில், சாந்தினி மார்க்கெட்டில் வாங்கிய ஒரு சிடியாக. மேல்வீட்டு வங்காளி அண்ணனின் கணினியில் அதைப் போட்டோம். கையில் துப்பாக்கி கிடையாது, மவுஸ்தான். திரையும் சின்னது, படமும் மங்கல். ஆனாலும் ஒரு கிழட்டுச் சுரங்கக்காரர் திரையில் வந்து எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்ததும் அறை அமைதியாகிவிட்டது. ஊர் மேயரையும் அவர் மகளையும் கொள்ளைக்கூட்டத் தலைவன் மேட் டாக் கடத்திப் போய்விட்டான், ஷெரீப்போ சிறைக்கூண்டில் கிடக்கிறார், வந்திருக்கும் புதியவன் நீதான் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். வரைந்த பொம்மை பேசியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். பேசியது ஒரு மனிதர். எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஜன்னலில் ஓர் அசைவு. விரல் அழுத்தப் போகிறது. அந்த அரை நொடியில் மனம் ஒரு கேள்வி கேட்கிறது: இவன் யார்? கொள்ளைக்காரனா, ஊர்க்காரரா? அப்பாவியைச் சுட்டால் நம் உயிரில் ஒன்று போகும். தயங்கினால், வந்தவன் கொள்ளைக்காரனாக இருந்து நம்மைச் சுட்டுவிட்டால், அப்போதும் போகும். கண் முதலில், விரல் பிறகு என்ற ஒழுங்கை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு சீக்கிரம் கற்றதில்லை.

இது தற்செயலாக வந்ததில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உங்கள் நிறுவனர் ராபர்ட் கிரீப் பொழுதுபோக்குத் தொழிலிலிருந்து வந்தவர் இல்லை. ஐகேட் என்ற பெயரில் காவல்துறையினருக்கான பயிற்சிக் கருவியைச் செய்துகொண்டிருந்தவர். திரையில் ஓர் உண்மையான காட்சி ஓடும். காவலர் துப்பாக்கியோடு நிற்பார். எதிரே வருபவர் சட்டைப்பையில் கை விடுகிறார். எடுக்கப்போவது ஆயுதமா, அடையாள அட்டையா? சுட வேண்டுமா, வேண்டாமா? குறி பார்க்கும் திறமையைக் காகித இலக்கிலேயே பழகிவிடலாம். இந்த முடிவைப் பழக மனிதர்கள் நடித்த காட்சி தேவை. அந்தக் கருவியின் கருத்தைத்தான் நீங்கள் எடுத்து, தொப்பி மாட்டி, பழைய மேற்கின் தெருவில் நிறுத்தினீர்கள். காவலர்களுக்கான பாடம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது.

ஆர்கேட் இயந்திரத்தில் நீங்கள் வைத்த இன்னொரு விதியும் இதே பாடத்தின் நீட்சி. குண்டு தீர்ந்தால் துப்பாக்கியைத் தாழ்த்தினால்தான் மறுபடி நிரம்பும். நேருக்கு நேர் மோதலிலும் கை தாழ்ந்தே காத்திருக்க வேண்டும். நீட்டிய துப்பாக்கியோடே ஓர் ஆட்டத்தை முடித்துவிட முடியாதபடி செய்திருக்கிறீர்கள். இந்த ஒரு விதிக்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இனி பொறியாளர்களிடம் பேசுகிறேன். உங்கள் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை இந்தத் தலைமுறை அறிய வேண்டும்.

உங்கள் ஆர்கேட் இயந்திரத்தின் காட்சிகள் பதிந்திருந்த லேசர்டிஸ்க் என்பது சுமார் 30 செ.மீ. குறுக்களவுள்ள பளபளக்கும் வட்டு. 1978-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் தனி எண் இருக்கும்படி பதிந்தால் ஒரு பக்கத்தில் 54,000 சட்டங்கள், அதாவது அரைமணி நேரக் காட்சி அடங்கும். “இந்த எண்ணுக்குப் போ” என்று கணினி கட்டளையிட்டால், லேசர் முனை நகர்ந்து அந்தச் சட்டத்தைப் பிடிக்கும். இதை வைத்து 1983-இல் ‘டிராகன்ஸ் லேர்’ கார்ட்டூன் படத்தையே விளையாட்டாக்கியது. நீங்கள் அங்கே மனிதர்களை நிறுத்தினீர்கள். கொள்ளைக்காரன் எட்டிப் பார்க்கிற காட்சி ஓடிக்கொண்டிருக்கும். சரியான நேரத்தில் சரியான இடத்தில் சுட்டால், அவன் கூரையிலிருந்து விழுகிற காட்சியின் எண்ணுக்குத் தாவும். சுடாவிட்டால் அவன் நம்மைச் சுடுகிற காட்சி தொடரும். அந்தத் தாவலின்போது திரை கணநேரம் இருண்டு போகும். அதைக் குறை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது மூச்சைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்கும் கணம்.

துப்பாக்கியின் சங்கதி இன்னும் அழகு. அதிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. அது ஒரு கண். பழைய குழாய்த் திரையில் மின்னணுக் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, கோடு கோடாகப் படத்தை நொடிக்குச் சுமார் 60 முறை வரைகிறது. விசையை அழுத்தியதும் துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி, தான் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கற்றை எப்போது கடந்தது என்று கவனிக்கிறது. அந்த நேரத்தைக் கொண்டு குறி விழுந்த இடத்தைக் கணினி கண்டுபிடிக்கிறது. அப்போது வட்டில் எந்தச் சட்டம் ஓடியது, அந்தச் சட்டத்தில் கொள்ளைக்காரன் எங்கே நின்றான் என்று நீங்கள் முன்கூட்டியே குறித்துவைத்த எல்லைக்குள் அந்தப் புள்ளி விழுகிறதா என்று பார்க்கிறது. உங்கள் பெட்டிக்குள் இத்தனையையும் செய்தது ஓர் அமிகா 500 வீட்டுக் கணினி. பக்கத்தில் சோனி நிறுவனத்தின் லேசர்டிஸ்க் இயக்கி. இன்று பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருக்கும் கைப்பேசியின் திறனில் மிகச் சிறு பங்குகூட அந்தக் கணினிக்குக் கிடையாது. இருப்பதை வைத்து இவ்வளவு செய்தீர்கள்.

நடிகர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு.

நீங்கள் மிகையாக நடித்தீர்கள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். தெருக்கூத்தும் வங்காளத்து ஜாத்ராவும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது. திறந்தவெளியில் கடைசி வரிசைக்கும் புரிய வேண்டுமென்றால் புருவம் பெரிதாக உயர வேண்டும், கை அகலமாக விரிய வேண்டும். உங்களுக்கு இருந்த நெருக்கடி அதனினும் பெரிது. பார்ப்பவருக்கு அரை நொடிதான் அவகாசம். அதற்குள் ‘நான் கெட்டவன், ஆயுதம் எடுக்கப் போகிறேன்’ என்பதை உடம்பாலேயே சொல்லியாக வேண்டும். சொன்னீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குப்புற விழுந்தீர்கள். ரத்தத்தை நம்பாமல், விழுகிற கலையை நம்பினீர்கள். கோடம்பாக்கத்தின் சண்டைக் கலைஞர்களை மதிக்கிற எந்தத் தமிழனுக்கும் அந்த விழுதலின் மதிப்பு தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சினிமாவில் ஒருவர் ஒருமுறை இறந்தால் கதை நகர்ந்துவிடும். நீங்கள் உலகெங்கும், ஒவ்வொரு காசுக்கும், ஒவ்வொரு பிள்ளைக்காகவும் மறுபடி எழுந்து நின்று மறுபடி விழுந்தீர்கள். நாங்கள் தோற்றபோது சவப்பெட்டிக்காரர் வந்து எங்களைப் பார்த்துக் கிண்டலாக நாலு வார்த்தை சொன்னார். அதில் பகை இல்லை, “அடுத்த முறை பார்த்துச் செய்” என்கிற பரிவு இருந்தது. உங்கள் முகங்கள் எங்களுக்கு மனப்பாடம். தொப்பியின் சாய்வை வைத்தே, அடுத்து எந்தப் பக்கம் கை போகும் என்று சொல்லிவிடுவோம். மனிதரைக் கூர்ந்து பார்ப்பது எப்படி என்று பழகியது அங்கேதான்.

உங்களுக்கு முன்னோர் உண்டு. அவர்களுக்கும் என் நன்றி. 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பிரிட்டனில், ஓடுகிற திரைப்படத்தை உண்மையான துப்பாக்கியால் சுடும் கூடங்கள் இருந்தன. வெடிச்சத்தம் கேட்டதும் படம் நிற்கும். காகிதத் திரையில் துளை விழுந்த இடம் ஒளிப்புள்ளியாகத் தெரியும். 1974-இல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் ‘வைல்டு கன்மேன்’ என்ற பெட்டியை உருவாக்கினார். 16 மி.மீ. பிலிமில் நடிகர்கள் கௌபாய்களாக வந்து சவால் விட, எதிரி துப்பாக்கி எடுக்கும் கணத்துக்காக ஆடுபவர் காத்திருப்பார். திரையில் இருக்கும் மனிதர் நமக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை நூறாண்டுக்கும் மேல் வயதுள்ளது. ஒரு மோதலில் முடிந்துவிடாமல் அந்த ஆசைக்கு ஓர் ஊரையும் கதையையும் கொடுத்தது நீங்கள்.

துப்பாக்கி விளையாட்டுக்கு நன்றி சொல்லலாமா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் மதிக்கிறேன். 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் ஜோசப் லீபர்மேனும் ஹெர்ப் கோலும் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை நடத்தினார்கள். உண்மையான மனிதர்களைப் படம்பிடித்த விளையாட்டுகளும், திரையை நோக்கி நீட்டும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் அங்கே மேசைக்கு வந்தன. அதன் விளைவாக 1994-இல் வயதுவாரியாகத் தரம் குறிக்கும் அமைப்பு உருவானது. அது நல்ல காரியம். பெற்றோர் கவலைப்படுவதும் நியாயம். அவர்களிடம் என் அனுபவத்தை மட்டும் வைக்கிறேன். எதிரே இருப்பவருக்கு முகம் இருந்ததால்தான் என் விரல் நின்றது. முகமில்லாத இலக்கிடம் அது ஒருபோதும் நின்றதில்லை. பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டைக் கொடுப்பது என்று யோசிக்கும்போது, அது அவர்களை நிதானித்துப் பார்க்கச் சொல்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்பேன்.

உங்கள் கதையின் பிற்பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ‘மேட் டாக்’குக்குப் பிறகு ‘ஹூ ஷாட் ஜானி ராக்?’, ‘ஸ்பேஸ் பைரேட்ஸ்’, ‘கிரைம் பேட்ரோல்’, ‘தி லாஸ்ட் பவுண்டி ஹண்டர்’ என்று வரிசையாகச் செய்தீர்கள். லேசர்டிஸ்க்கின் காலம் முடியும்போது, பெண்பிள்ளைகளுக்கான விளையாட்டுகளைச் செய்ய ‘ஹெர் இன்டராக்டிவ்’ என்ற கிளையைத் தொடங்கினீர்கள். தாய் நிறுவனம் மறைந்தது, கிளை பிழைத்தது. அது 1998-இல் நான்சி ட்ரூ துப்பறியும் விளையாட்டை வெளியிட்டு, அந்த வரிசையைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. துப்பாக்கியைப் பிடித்திருந்த கை, பூதக்கண்ணாடியைப் பிடித்தது. எங்கள் ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலுதாவிடமும் .32 கோல்ட் ரிவால்வர் உண்டு. ஆனாலும் அவர் வழக்கை முடிப்பது மூளையால்தான். ஃபெலுதா கதைகளில் ஊறிய பவானிபூருக்கு உங்கள் இந்த மாற்றம் இயல்பான முன்னேற்றமாகவே படுகிறது.

இனி, உங்கள் வேலையைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கும் இந்த மடலிலேயே நன்றி. லேசர்டிஸ்க் அழியக்கூடியது. உள்ளிருக்கும் அலுமினியப் படலம் அரித்தால் படத்தில் புள்ளிகள் பொரிந்து, கடைசியில் எதுவும் மிஞ்சாது. வட்டு இயக்கிகளின் உற்பத்தியை பயனியர் நிறுவனம் 2009-இல் நிறுத்திக்கொண்டது. தட்டைத் திரைகள் வந்ததும் பழைய ஒளித் துப்பாக்கிகள் குருடாகிப் போயின. அவற்றுக்குத் தேவையான மின்னணுக் கற்றை அங்கே கிடையாது. இந்த நிலையில் மேட் ஓன்பி ‘டாஃப்னி’ என்ற மென்பொருளை எழுதி, லேசர்டிஸ்க் விளையாட்டுகளைச் சாதாரணக் கணினியில் ஓடவைத்தார். ஸ்காட் டூன்சிங்கின் ‘சிஞ்ச்’ உங்கள் விளையாட்டுகளுக்கு வழி திறந்தது. ‘டோம்ஸ்டே டூப்ளிகேட்டர்’ கருவியும் ‘எல்டி டீகோட்’ மென்பொருளும், வட்டிலிருந்து லேசர் படிக்கும் மூல அலையையே பிடித்துப் படமாக மீட்கின்றன. கேமரா வைத்த சிண்டன் துப்பாக்கி, தட்டைத் திரையிலும் குறி பார்க்க வைத்துவிட்டது. இவர்களில் பலர் ஊதியம் எதிர்பாராமல், வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள். நான் மவுஸைப் பிடித்து ஆடிய ஆட்டத்தை என் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்து ஆட முடிவது இவர்களால்தான். என் மகள் முதல்முறை ஆடியபோது, ஜன்னலில் வந்தவரைப் பார்த்துக் கையைத் தாழ்த்திவிட்டு, “அப்பா, இவங்க நல்லவங்கதானே?” என்று கேட்டாள். பாடம் அவளுக்கும் சேர்ந்துவிட்டது.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தப் படப்பிடிப்பில் இருந்தவர்கள் எங்கே இருந்தாலும், உங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒளிநாடா, கதைப்பிரதி, புகைப்படம், ஜன்னலில் அரை நொடி தலைகாட்டிய துணை நடிகரின் பெயர், எதுவானாலும் ஒரு காப்பகத்திடம் சேர்த்துவிடுங்கள். ராய் எடுத்த படங்களின் பழுதான பிரதிகளை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தவர்கள் சட்டம் சட்டமாக மீட்டுக் கொடுத்தார்கள். அந்த அன்பை அனுபவித்த ஊரிலிருந்து கேட்கிறேன். எங்களுக்கு முன்னால் அத்தனை முறை விழுந்தவர்களின் பெயர் ஒன்றுகூட விடுபடக் கூடாது.

உங்கள் கருவியும் கலையும் சேர்ந்து ஒரு பையனுக்கு நிதானத்தைக் கொடுத்தன. பிற்பாடு அவன் கோபத்தில் ஒரு சொல்லைச் சொல்லப்போன வேளைகளிலும், ஒருவரைப் பற்றி அவசரமாக முடிவெடுக்கப்போன வேளைகளிலும் அந்த அரை நொடி அவனுக்கு உதவியிருக்கிறது.

அன்புடன்,
பவானிபூர்வாழ் தமிழன் ஒருவன்